சித்ராவுக்கு வர வேண்டிய இரண்டாவது கடிதம்

என் தங்கை சித்ராதேவியைத் தங்கமான பொண்ணு என்று பர்மாவில், பசுந்தாங்கில் எங்கள் தெருவே சொல்லும். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்து ஒன்றைக் கேட்கத் தெரியாதவளை ஊர் பின்னே எப்படிச் சொல்லும்? அவளால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாதே!

இரண்டாம் வகுப்பில் புதிதாக வந்த டீச்சர், பள்ளியை விட்டுப் போய்விட்ட வேறொரு பிள்ளையின் பெயரைச் சொல்லி இவளைக் கூப்பிட்டார். இவள் திருத்தவில்லை. வருஷம் முழுக்க அந்தப் பெயருக்கே எழுந்து நின்றாள். "ஏன்டி?" என்று கேட்டதற்கு, "சயாமா சங்கடப்படுவாங்க அக்கா. ஆனாடே" என்றாள்.

சயாமா என்றால் டீச்சர். ஆனாடேயும் பர்மியர்களின் வார்த்தைதான். எதிரே இருப்பவர் மனம் கோணக் கூடாது என்று நம் தேவையை நாமே விழுங்கிக்கொள்வதற்கு அப்படி ஒரு பெயர். நான்கு தலைமுறையாக இங்கேயே கிடக்கும் எங்கள் ஜனங்கள் அவர்களிடமிருந்து எத்தனையோ நல்லது கற்றிருக்கலாம். இதைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். நான் லைங் தாயாவில் சட்டை தைக்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நாற்பது மெஷினைக் கட்டி மேய்க்கிறேன். அங்கே ஆனாடே பார்த்தால் ஒரு காலர்கூட வெளியே போகாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள். இருக்கட்டும்.

சித்ராவுக்குச் சின்ன வயதிலிருந்தே சரித்திரம் என்றால் உயிர். போன வருஷம் தாம்வே பக்கம் ஒரு தனியார் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தாள். நான்கு வருஷமும் சரித்திரம் உண்டு என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். முதல் வருஷம் முடிகிற நேரத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். வாத்தியார்கள் பாதிப் பேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்களாம், இனிமேல் சரித்திரமும் இலக்கியமும் கிடையாதாம், இஷ்டமிருந்தால் வியாபார நிர்வாகம் படிக்கலாமாம். மீன் குழம்பு கேட்டு உட்கார்ந்தவன் இலையில் சோப்பை வைத்த மாதிரி! இவள் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று நாள் மூச்சுவிடவில்லை. கூடப் படித்த மாஹிர் போன் செய்துதான் எனக்கே தெரியும்.

அந்தப் பிள்ளைதான் வழியும் சொன்னான். தாய்லாந்தில் சியாங் மாயில் ஒரு கல்லூரி, இங்கே படித்த முதல் வருஷத்தை ஒப்புக்கொண்டு நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்கிறது. சித்ரா எழுதிப் போட்டாள். இடம் கொடுத்தார்கள், படிப்புச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை. முதல் வருஷம் பாடம் நடத்திய இரண்டு பேர் இவளைப் பற்றிக் கடிதம் எழுதி, தங்கள் ஈமெயிலிலிருந்தே நேராக அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஆங்கில வாத்தியார் கடிதம் இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தது. சரித்திரம் நடத்திய சயாமா தோ வின் மார் கடிதம் மட்டும் வரவில்லை. வியாழக்கிழமை வேலை விட்டு வந்து கேட்கிறேன், அப்போதுதான் சொல்கிறாள்.

"கேட்டேன்க்கா. எழுதறேன்னாங்க. மூணு வாரமாச்சு."

"அப்புறம் ஞாபகப்படுத்தினியா?"

தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஆனாடே அவள் வாயிலிருந்து வருமுன் நான் கையில் இருந்த சாப்பாட்டு கேரியரைச் சுவரில் எறிந்தேன். அழுத பிள்ளைக்குத்தான் பால். இவள் அழவும் மாட்டாள், பசிக்கிறது என்றும் சொல்ல மாட்டாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். கிளம்பும்போது அம்மா வாசலில் நின்றாள். "நீ எதுக்குப் போற நீலா? அவ பாத்துக்குவா. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. போன எடத்துல வாய நீட்டிடுவ." நீட்டத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

கல்லூரியில் கரண்ட் இல்லை. நாலு மாடி ஏறிப் போனால் சயாமா தனியாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், சாந்தமான முகம். சித்ரா வாங்கி வந்த பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் கொடுத்தாள். பிறகு தரையில் மண்டியிட்டு, இங்கத்து வழக்கப்படி மூன்று முறை விழுந்து கும்பிட்டாள். சயாமா நீளமாக ஆசி சொன்னார். உடம்பு சௌக்கியமாக இருக்கட்டும், படிப்பு வளரட்டும், நினைத்தது நடக்கட்டும். நினைத்தது நடக்க இவர்தான் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும்! அப்புறம் மழையைப் பற்றிப் பேசினார்கள். கரண்டைப் பற்றிப் பேசினார்கள். சுவரில் மணி மூன்றரை. சித்ரா எழுந்து, "போயிட்டு வரோம் சயாமா" என்றாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று தமிழில் அவளிடம் கத்தினேன். சயாமா பக்கம் திரும்பி பர்மியத்தில் கேட்டேன். "கடிதம் எங்கே சயாமா? இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கு."

சயாமாவின் விசிறி நின்றது. பிறகு லேப்டாப்பைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். கடிதம் இருந்தது. ஒரு பக்கத்துக்கு மேல் மனதார எழுதியிருந்தார். இப்படி ஒரு மாணவி கிடைப்பது அபூர்வம் என்று இருந்தது. எழுதிய தேதியைப் பார்த்தேன். மூன்று வாரம் ஆகியிருந்தது. அனுப்பவில்லை.

"ஏன் சயாமா?"

"உங்க அம்மா வந்தாங்க. அனுப்ப வேணாம்னு அழுதாங்க. வயசானவங்களுக்கு மாட்டேன்னு எப்படிச் சொல்றது? இவ மூஞ்சியப் பாத்தும் மாட்டேன்னு சொல்ல முடியல. ஆனாடே."

எனக்கு வந்த கோபத்தில் கண் தெரியவில்லை. "மாட்டேன்னு சொல்லியிருந்தா இவ வேற ஆளக் கேட்டிருப்பாளே! உங்களுக்குச் சங்கடம் வரக் கூடாதுன்னு இவளோட படிப்பக் குழியில தள்ளுவீங்களா? இதுக்குப் பேர் மரியாதையா?" என்று கத்தினேன். சித்ரா என் கையைப் பிடித்து இழுத்தாள். உதறினேன். "பெத்தவளுக்கு மக படிக்கறதுல என்ன கஷ்டம்? எதுக்கு வேணாம்னாங்க? அதையாவது சொல்லுங்க."

சயாமா சித்ராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உனக்காகத்தான் தமீ."

மகளே என்று என்னை அழைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். அம்மா சொன்னாளாம்: பெரியவ வயசுப் பிள்ளைங்க எங்க தெருவுல ஒருத்தரும் மிச்சமில்ல, மலேசியா, பாங்காக்னு எல்லாம் போயாச்சு. வேலை விட்டு வந்தா அவ பேசறதும் சண்டை போடறதும் சின்னவகிட்டத்தான். இவளும் போயிட்டா அவ சுவத்தோடதான் பேசணும். அவ வாயால சொல்ல மாட்டா. நான்தான் சொல்லணும்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அம்மா மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. யாரைக் கேட்டு எனக்காக அழுதாள்? என் தனிமையை எடுத்துக்கொண்டு போய் இவர் மேஜையில் வைக்க அவளுக்கு யார் உரிமை கொடுத்தது? பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஊரையெல்லாம் வாய் இல்லாதவர்கள் என்று திட்டுகிறவள், போகாதேடி, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று தங்கையிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"அக்கா, நெசமா?" என்றாள் சித்ரா. அவள் கண் நிறைந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் நான் போகலை அக்கா என்று சொல்லிவிடுவாள். அவளை எனக்குத் தெரியாதா?

"நெசந்தான். நீ போனா எனக்கு ஆள் கிடையாது. அழுவேன், அம்மாகூடச் சண்டை போடுவேன். அது என் பாடு. அதுக்காக நீ நின்னியோ, காலத்துக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். சயாமாகிட்ட நீயே கேளு. உன் வாயால கேளு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணி நாலு அடித்தது. பிறகு சயாமாவை நிமிர்ந்து பார்த்தே கேட்டாள்.

"சயாமா, இப்பவே அனுப்புங்க."

சயாமா தன் போனிலிருந்து லேப்டாப்புக்கு நெட் கொடுத்து அனுப்பினார். போய்ச் சேர்ந்துவிட்டது என்று பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. நான் அவரை மன்னிக்கவில்லை, படியிறங்கும்போது கும்பிடவும் இல்லை.

சித்ரா போய் ஐந்து மாதம் ஆகிறது. அம்மாவோடு இன்னும் நான் சரியாகப் பேசவில்லை. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சித்ரா போனில் கூப்பிட்டாள். அங்கத்துப் புத்தகங்களைப் பற்றியும் வாத்தியார்களோடு அவள் போட்ட வாதங்களைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசினாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "தனியா இருக்கியாக்கா?" என்று கேட்டாள்.

இல்லடி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஆமா" என்றேன்.