ஒரு குத்து, ஆறு ஓட்டை

சண்டைக்குள் கிளிநொச்சியை விட்டு வந்த என் சித்தி, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் ஒரு வருடம் இருந்தும் ஐசி என்கிற அடையாள அட்டை கையில் இல்லாமல் படி இறங்கியதில்லை. ஆமி மறித்துக் கேட்கும்போது அது இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். ஐசி இருந்தும் இறங்கியது குறைவு.

அப்படிப்பட்டவர்தான் அம்மாவையும் பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்த மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டு பனையோலை வேலை தொடங்கினார். புத்தளத்திலிருந்து ஓலை வரும். பெட்டியும் தடுக்கும் இழைப்பார்கள். வருமானம் ஐவருக்கும் சமம். உட்காரும் முன் ஐந்து ஐசிகளையும் வாசல் மேசையில் வைப்பார்கள். எழும்பினால் முதலில் கை போவது அங்கேதான். கூடம் முழுக்க ஓலை என்பதால் அப்பா பல்கனியில் நின்று சாப்பிட்டார்.

ஒருநாள் ஒரு ஹோட்டல் தன் மண்டபத்துக்குப் பெரிய பாய் கேட்டது. பிடித்துப்போனால் இன்னும் பத்து. வேலைக்கென்று தனி அறை எடுக்கலாம். அப்பாதான் அதிகம் நேர்ந்துகொண்டார்.

மண்டபத்தின் அளவைக் கேட்டவர்கள் எங்கள் படிக்கட்டை அளக்கவில்லை. சுருட்டிய பாய் முதல் வளைவிலேயே சிக்கியது. கயிறு கட்டி, மூன்றாம் மாடி பல்கனியிலிருந்து இறக்கினார்கள். யுத்த காலத்தில் தமிழர் வீட்டிலிருந்து இரண்டு ஆள் நீளப் பொதி கயிற்றில் இறங்கினால் என்ன நடக்குமோ, அது நடந்தது. ஒழுங்கை முனையில் நின்ற ஆமிக்காரர் ஓடி வந்தார். பெண்கள் போட்டது போட்டபடி கீழே ஓடினார்கள். எனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில் பாய்தான், பாய்தான் என்று கத்தினேன். அவர் கம்பியால் ஒரே ஒரு குத்துக் குத்திப் பார்த்தார். ஓலை என்று கண்டதும் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

விரித்தால் ஆறு ஓட்டை.

அம்மா அழுதேவிட்டார். நாலு மணிக்கு ஹோட்டல் வான் வரும். சித்தி ஒழுங்கை நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ரோட்டிலயோ? ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றார் அப்பா.

"நினைக்கட்டும் அத்தான். பிள்ளை, ஓடிப்போய் வார்ந்த ஓலையைக் கொண்டு வா."

ஓலை வாசல் மேசைக்குக் கீழே இருந்தது. மேலே ஐந்து ஐசிகளும் கிடந்தன. ஓலையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆளுக்கோர் ஓட்டை, ஆறாவது என் தலையில் விழுந்தது. வகுப்புப் பிள்ளைகள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எனக்கு மானம் போனது. முனைக் கடை முதலாளி கிளாஸ்களில் பிளேன்டீ அனுப்பினார். வழியே போன சிங்கள நோனா ஒருவர் குனிந்து பார்த்துப் பெட்டி கிடைக்குமா என்று கேட்க, நான்தான் மொழிபெயர்த்தேன். வான் வந்தது, என் கோணல் ஒட்டோடு பாய் போனது. அடுத்த மாதம் பத்துப் பாய்க்குச் சொன்னார்கள். அப்பாவுக்குச் சாப்பாட்டு மேசை திரும்பக் கிடைத்தது.

ஆனால் அன்று மேலே வந்ததும் அம்மாவிடம் எனக்கு நல்ல ஏச்சு. ஒரு மணித்தியாலம் ஐசி இல்லாமல் ஐந்து பேர் தெருவில் இருந்திருக்கிறோம், கண்ணால் கண்டும் எடுத்து வரத் தெரியவில்லையா?

சித்தி ஏசவில்லை. தன் ஐசியை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். மேசையிலேயே வைத்தார். பிறகு கடை முதலாளியின் கிளாஸ்களைக் கழுவி எடுத்துக்கொண்டு, தனியாகப் படி இறங்கினார்.

"சித்தி, ஐசி!" என்று பின்னால் கத்தினேன். அவர் திரும்பவில்லை. மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.