பிட்டுப் பானையில் அவித்த வழிகாட்டி

என் கீழ்த்தாடையில் ஒரு பல் இல்லை. எலும்பைத் துளைத்துத் திருகாணி இறக்கி, அதன்மேல் புதுப்பல் பூட்டுவதாக ஏற்பாடு. எங்கே, எந்தச் சாய்வில் துளைப்பது என்பதற்கு முப்பரிமாண அச்சில் ஒரு பிளாஸ்டிக் வழிகாட்டி செய்வார்கள். அது பற்களைக் கவ்வி உட்காரும். அதன் ஓட்டைக்குள்ளால்தான் துளைகருவி போகும். கொஞ்சம் விலகினாலும் கீழே ஓடும் நரம்பில் பட்டு, உதடு நிரந்தரமாக மரத்துப்போகலாம் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்துக் குருநகரில் தேவாலயத் திருவிழாவோ கல்யாணமோ, அறிவிப்புச் சொல்லும் ஒலிவாங்கி என் கையில்தான். உதடு போனால் மிச்சம் மீசை மட்டும்.

பக்கத்துத் திருநெல்வேலியிலுள்ள பல் ஆய்வுகூடத்திலிருந்து வழிகாட்டியை எடுத்துவரும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். அங்கிருந்தவர் தும்மிய கையாலேயே அதை எடுத்துத் தந்தார். எனக்குக் கிருமிப் பயம் பிடித்தது. வீட்டில் மனைவி பிட்டு அவித்து இறக்கியிருந்தாள். பானை இன்னும் கொதித்தது. வழிகாட்டியை, பிட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டிக்குள் வைத்து மூடி, அரை மணி நேரம் அவித்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

கிளினிக்கில் தாதி அதை வாங்கி, கிருமி நீக்கும் நீராவி இயந்திரத்தில் வைத்தார். நான் நாற்காலியில் போய்ச் சாய்ந்தேன். பிறகு விறைப்பூசி போட்டார்கள். சற்று நேரத்தில் உதடு காணாமல் போனது. தொட்டால், யாரோ ஒருவருடைய உதடு. இனி எப்போதும் இப்படித்தான் என்றால்? டொக்டர் வழிகாட்டியை என் வாயருகே கொண்டுவந்தபோது கையைத் தூக்கிவிட்டேன்.

"டொக்டர், நான் உந்த வழிகாட்டியை அவிச்சுப்போட்டன். பிட்டுப் பானையிலை."

அவர் ஏசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இந்தப் பொருளுக்கு அளந்த சூடு, அளந்த நேரம், அதுவும் ஒரே தரம் என்றார். என் கணக்கில் இரண்டு தரம் வெந்திருந்தது. என் பற்களின் மாதிரியில் அதை வைத்து ஒரு பக்கத்தை விரலால் அழுத்தினார். மறுபக்கம் எழும்பியது.

"பாத்தீங்களோ அண்ணை, ஆடுது. வாய்க்குள்ளையெண்டா அமத்தி இருத்தியிருப்பன். எனக்கே தெரியாமப் போயிருக்கும்."

புதிது அச்சடித்த பிறகு பார்ப்போம், அதைத் தாதியே எடுத்துவருவார் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் குடித்த தேத்தண்ணி பாதி சட்டையில் வடிந்தது. மனைவி என் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

"என்ரை நீத்துப்பெட்டியிலையோ வச்சனீங்கள்?"

கண்ணாடி முன்னால் போய் நின்றேன். ஒரு துளையும் போடவில்லை என்று தெரிந்தும் உதட்டைக் கிள்ளிப் பார்த்தேன். "பாசமிகு பங்கு மக்களே" என்று சொல்லிப் பார்த்தேன். 'பா'வுக்குப் பதில் வெறும் காற்றுத்தான் வந்தது. திரும்பத் திரும்பச் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் கூப்பிட்டபோதுதான் விறைப்பு விட்டு உதடு ஊசி குத்தியதுபோல் நோகத் தொடங்கியது. அந்த நோவோடு இன்னும் ஒருதரம் பங்கு மக்களை அழைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.