பிலோமினா எழுதாமல் விட்ட வரி

பிலோமினா இறந்துவிட்டார் என்று ஆம்பூரிலிருந்து ஒரு புகைப்படக்காரர் தகவல் அனுப்பியிருந்தார். எந்தச் செய்தியையும் உறுதி செய்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆம்பூர்ச் செய்தி என்றால் வழக்கமாக யாரைக் கூப்பிடுவேனோ, பழக்க தோஷத்தில் அந்த எண்ணையே அழுத்திவிட்டேன். அதாவது பிலோமினாவின் எண்ணை. எடுத்ததும் "சொல்லுங்க சார்" என்றது பிலோமினாவின் குரல். "அக்கா காலையில போய்ட்டாங்க சார். நெஞ்சுவலி" என்றது அதே குரல். பேசியது தங்கை. இருவருக்கும் ஒரே குரல் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் நாளிதழுக்கு அவர் ஆம்பூர் நிருபர். நான் வேலூர் அலுவலகத்தில் உதவி ஆசிரியர். அவர் எழுதுவார், நான் வெட்டுவேன், பிறகு இருவரும் போனில் கத்திக்கொள்வோம். அவரோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றிருக்கும் சக நிருபர்களான உங்களில் பலர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு வைக்கப்பட்டிருந்த பட்டப்பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

'விஷவாயு தாக்கி தொழிலாளி பலி' என்று நாம் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறோமே, அந்தச் சொற்றொடர் மேல் அவருக்குத் தீராத கோபம். "வாயு இன்னா சார், ரவுடியா? ரோட்டுல போறவன வந்து தாக்குதா? அவன உள்ள அனுப்பனது யாருன்னு எழுதுங்க. இல்லன்னா பேய் அடிச்சிதுன்னே எழுதிடுங்க, படிக்கறவனுக்காச்சும் பயம் வரும்" என்பார். நான் சிரித்துக்கொண்டே, வழக்கமான வாசகத்தையே போட்டுவிடுவேன்.

பிறகு ஏழுமலை செத்தார். மாதனூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியின் கழிவுத் தொட்டியில். குடிபோதையில் தவறி விழுந்துவிட்டதாகக் கம்பெனி சொன்னது. பிலோமினா 'தொட்டிக்குள் இறக்கினார்கள்' என்று எழுதி அனுப்பினார். பார்த்த சாட்சி யார் என்று கேட்டேன். "குடிக்கற பழக்கமே இல்லன்னு அவரு வீட்டுக்காரம்மா அழுவுது சார். ஊரே அதைக் குடிகாரன் பொண்டாட்டின்னு பேசுது" என்றார். மனைவி அங்கே இல்லையே என்றேன். பிலோமினாவின் அப்பாவும் தோல் கம்பெனித் தொழிலாளி, அதனால் அவருக்கு ஒரு சாய்வு இருக்கும் என்றும் சொல்லிவிட்டேன். "உங்க மச்சான் ஷூ கம்பெனில மேனேஜரு. அது மட்டும் நடுநிலையா?" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. "சரி, செத்தவர் தரப்பையும் கேட்டுட்டு வாங்க, போடுறேன்" என்று எரிச்சலில் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அவர் நிஜமாகவே கேட்கப் போய்விட்டார். உச்சி வெயில். கம்பெனியில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. சூப்பர்வைசர் கன்னியப்பன் மட்டும் காவலுக்கு இருந்திருக்கிறார். தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி, எட்ட நின்று, கலெக்டரிடம் கேட்கிற அதே குரலில் பிலோமினா கேட்டிருக்கிறார்: "ஏழுமல, உன்ன யாருப்பா உள்ள எறக்குனது?"

பின்னால் நின்ற கன்னியப்பன் உடைந்துவிட்டார். "நான்தாம்மா எறங்கச் சொன்னேன். மேல இருந்து போன் வந்துச்சு. அவன் குடிக்கவே இல்ல."

இதைப் போனில் சொல்லிவிட்டு பிலோமினா அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"சார், அவரு பேசறதுக்கு முன்ன தொட்டிக்குள்ள இருந்து ஒரு குரல் வந்துச்சு."

"எதிரொலியா இருக்கும் மேடம்."

"எதிரொலி பின்னாடிதான சார் வரும்? இது முன்னாடி வந்துச்சு. 'சொல்லிடுண்ணா'ன்னுச்சு. நான் திரும்பிப் பாக்கறதுக்குள்ள கன்னியப்பன் அழ ஆரம்பிச்சிட்டாரு."

அலுவலகத்தில் என்னைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். இருந்தும் அந்தப் போனைக் காதில் வைத்திருக்க எனக்குப் பயமாக இருந்தது.

செய்தி வந்தது. கன்னியப்பன் சொன்னதை அவர் சம்மதத்தோடு, பெயர் போட்டு எழுதியிருந்தார். மேலிருந்து போன் வந்ததும் இருந்தது, கம்பெனியின் மறுப்பும் இருந்தது. ஒரு எழுத்தைக்கூட நான் வெட்டவில்லை. குரலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று கேட்டேன். "ஒரே ஆள் சொன்னா நாம போட மாட்டோம் இல்ல? கேட்டது நான் ஒருத்திதான். எனக்குன்னு தனிச் சட்டமா?" என்றார். யாரிடமும் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். நானும் சொல்லவில்லை. சாய்வுள்ளவர் என்று நான் குற்றம் சாட்டிய மனுஷி, தன் காதையே நம்பி எழுத மறுத்தார். வாழ்நாளெல்லாம் நடுநிலை நடுநிலை என்று பேசிய நான் அந்த அளவுக்குப் போயிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

செய்தி வந்த பிறகு ஏழுமலையின் மனைவியைப் பார்த்து யாரும் அந்தக் 'குடிகாரன் பொண்டாட்டி' பேச்சைப் பேசவில்லையாம். கன்னியப்பனுக்கு வேலை போயிற்று.

மாதனூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிலோமினாவை அடக்கம் செய்தோம். எல்லோரும் மண் போட்டுவிட்டு நகர்ந்த பிறகு, நரைத்த தாடியோடு ஒருவர் என் அருகில் வந்தார். "நான்தான் சார் கன்னியப்பன்" என்றார். என்ன பேசுவது என்று தெரியாமல், அன்றைக்குத் துணிந்து உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றேன்.

"துணிச்சல் இன்னா சார். அம்மா கேட்டதுக்கு நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். அவன் சொன்னான், அதான் சொன்னேன்."

"யாரு?"

"ஏழுமலதான். உள்ள இருந்து 'சொல்லிடுண்ணா'ன்னான். அம்மா காதுல அது விழுந்துச்சான்னு கேக்கணும்னு இருந்தேன். கடைசி வரைக்கும் கேக்க தெகிரியம் வரல சார்."

வெயில் உச்சந்தலையில் அடித்துக்கொண்டிருந்தது. பிலோமினாவின் காதிலும் விழுந்தது என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, குழியைப் பார்க்காமல் நடந்து போனார்.

பிலோமினாவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு வரி. இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டபடியால், அவர் வைத்த சட்டப்படியே இன்று அதை அச்சுக்குக் கொடுக்கிறேன்:

'சொல்லிடுண்ணா' என்று தொட்டிக்குள்ளிருந்து ஏழுமலை கூறினார்.