மூட்டத்தில் நின்ற ஆள்

நான் எட்டாவதோடு நின்றவன். பனியன் பிரிண்டிங் யூனிட்டில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. படத்தைச் சரிசெய்து பிலிம் எடுத்துக் கொடுப்பேன். சாப்ட்வேர் இலவசமாகக் கிடைப்பது. அதில் இருக்கும் இங்கிலீஷ் எனக்கு வாசிக்க வராது. எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று தெரியும்.

அந்த மார்கழியில் முதலாளி ஒரு படம் கொண்டுவந்தார். அவிநாசிபாளையம் தாண்டி, விடியற்காலையில் காரை ஓரங்கட்டி, போனில் அவரே எடுத்தது. மானாவாரிக் காடு முழுக்கப் பனிமூட்டம். தூரத்தில் ஒரு காற்றாலை, பாதி றெக்கை மட்டும் தெரிந்தது. டீசர்ட்டில் போடலாம் என்றார். எங்கள் ஊரில் அதுவும் பனியன்தான். சாம்பல் மை ஒன்றே போதும். சாம்பிள் ஒரு பீஸ் அடித்து குறை பார்க்கும் செக்கிங்குக்கு அனுப்பினோம்.

செக்கிங்கில் ஒரு அக்கா இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஒரே மகன். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன் திரும்பவே இல்லை. அவிநாசிபாளையம் பக்கம் பார்த்ததாக யாரோ சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அக்கா பஸ் ஏறி அங்கே போவார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

சாம்பிளில் விரலை வைத்துக் கேட்டார்.

"தம்பி, இங்கன யாரு நிக்கா?"

நான் அதுவரை கவனிக்கவில்லை. கம்பி வேலியை ஒட்டி ஒரு ஆள். நெட்டையாக. இடது தோள் சற்றே சரிந்து.

"எம் மவன் இப்படித்தான் நிப்பான்" என்றார். அழவில்லை. பீஸை மடித்து வைத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மூட்டத்த மட்டும் எடுத்துட்டு மொகத்தக் காட்ட முடியுமா?"

"பாக்கறனுங்க்கா."

பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாகச் சாம்பல் நிறம். ஆள் இல்லை. சிறிதாக்கினேன். நின்றான். சாப்ட்வேரில் ஒரு கோடு உண்டு. அதைப் பிடித்து வளைத்தால் வெளுப்பு குறையும். இழுக்க இழுக்க மூட்டம் கலைந்தது. வேலிக்கம்பி வந்தது. எருக்கஞ்செடியின் இலை வந்தது. அவன் மட்டும் மூட்டத்தோடு கரைந்துபோனான். கோட்டைப் பழையபடி விட்டேன். அதே இடத்தில் நின்றான்.

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். மூட்டம் இருந்தால் இருந்தான். எடுத்தால் இல்லை.

"மூட்டத்தோடயே இருக்கட்டும் தம்பி" என்றார் அக்கா. "தொடாதீய."

சாயங்காலம் முதலாளி சாம்பிளைப் பார்த்தார்.

"ஏனப்பா, நடுவால நிக்கறது யாரு?"

"உங்க படந்தானுங்களே."

"நான் எடுக்கறப்ப அங்க ஆளே இல்லப்பா. அழிச்சுரு. வாங்கறவன் கேட்டா என்ன சொல்றது? பேய்க்கும் சேத்துப் பனியன் போடறோம்னா?"

அழித்தேன். வேலை அது. பக்கத்து மூட்டத்தைக் கொஞ்சம் எடுத்து அவன் மேல் பூசினால் மறைந்துவிடுவான். கால், இடுப்பு, தோள், கடைசியில் தலை. அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

"இப்ப அவன் எங்க போவான்?" என்று கேட்டார். நான் படத்தைச் சேமித்துப் பிலிம் எடுத்தேன்.

பிரிண்ட் போடும் ஸ்கிரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை. எங்கள் யூனிட்டில் வலையை மாற்றுவது கிடையாது. பழைய படத்தைக் கழுவிவிட்டு அதிலேயே புதுப் படத்தை ஏற்றுவோம். எவ்வளவு கழுவினாலும் மைக்கறை கொஞ்சம் தங்கும். பூவும் எழுத்தும் அடிக்கும்போது அது வெளியே தெரியாது. அதனால் யாரும் அதை நினைக்கவில்லை. சாம்பிள் அடித்த வலையிலேயே, அதே இடத்தில் பொருத்தி, புதுப் படத்தை ஏற்றிவிட்டோம்.

ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு அடுக்கு அடித்து முடித்து, மை காய்ந்த பிறகு, பிரிண்ட் போடும் பீகார்க்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, ஆள் போகலை."

வேலி ஓரம் நின்றான். முதலில் மூட்டத்தைவிடக் கறுத்து நின்றவன் இப்போது வெளுப்பாக நின்றான். அடுக்கைப் புரட்டினேன். ஒவ்வொரு பீஸிலும் நின்றான். கறை அடைத்த இடத்தில் மை இறங்கவில்லை, அவ்வளவுதான். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அடுக்கை இன்னொரு தடவை புரட்டினேன்.

முதலாளி திட்டிக்கொண்டே புது வலை வாங்கிப் போட்டார். அதற்குப் பிறகு மூட்டம் மட்டும் வந்தது. கெட்டுப்போன பீஸெல்லாம் மூலையில் குவிந்து கிடந்தது. அக்கா அதைக் கிளறினார். கழுத்துப்பட்டியில் சைசைப் பார்த்துப் பார்த்து ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளி பார்த்தார். உள்ளே போனார்.

அந்த ஞாயிறு என் வண்டியில் அக்காவைக் கூட்டிப்போனேன். காற்றாலையை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தோம். வெயில் ஏறியிருந்தது. வேலி இருந்தது. எருக்கஞ்செடி இருந்தது. ஆள் நின்ற இடத்தில் கல்லுக்கால் இல்லை, மரம் இல்லை, புதர் இல்லை. ஆள் மாதிரித் தெரிவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

"நீங்க இங்கனயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வேலி வரைக்கும் நடந்தார். திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றார்.

செக்கிங் மேசைக்குப் பின்னால்தான் அவரைப் பார்த்துப் பழக்கம். அவ்வளவு தூரத்தில் தனியாக நின்று பார்த்ததில்லை. இடது தோள் சற்றே சரிந்திருந்தது.

"என்ன தம்பி பாக்கீய?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

பையிலிருந்து பனியனை எடுத்தார். உதறி, வேலிக்கம்பியில் போட்டு, பனியனின் இரண்டு கையையும் கம்பியில் முடிந்தார்.

"காலம்பற குளிருமில்லா" என்றபடி வந்து வண்டியில் ஏறினார்.

வண்டி கிளம்பியதும் கண்ணாடியில் தெரிந்தது. காற்று புகுந்து பனியன் உப்பி நின்றது.

அடுத்த ஞாயிறும் போனோம். வேலியில் பனியன் இல்லை. முடிச்சுப் போட்ட கம்பியில் கிழிந்த துணித்துண்டுகூட இல்லை. கீழேயும் தேடினேன்.

"காத்து கொண்டுட்டுப் போயிருக்குமுங்க்கா" என்றேன்.

அக்கா வேலியைத் தாண்டிக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைசு சரியாத்தான் எடுத்தேன்" என்றார்.