யாரும் சாகாமல் அடித்த துக்க மணி

மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசி மழை நேரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அங்குள்ள சிறிய சர்ச்சில் என் கணவர்தான் கோயில்பிள்ளை. பெருக்குவது, பாய் விரிப்பது, மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பொய் சொல்ல மாட்டேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யார் சொன்னாலும் பிடித்து உலுக்கிவிடுவேன். என் பக்கத்து வீட்டுக்காரி, படுக்கையில் கிடந்த மாமியாரிடம், வெளிநாட்டில் இருக்கும் மகன் அடுத்த வாரம் வந்துவிடுவார் என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்கு லீவே கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பெண்கள் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால், 'அன்பாகச் சொன்னாலும் பொய் பொய்தான்' என்று அவளைக் கேட்டுவிட்டேன். அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் அதைப் பெருமையாகவே வைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் கணவர் பல் பிடுங்கக் கோவில்பட்டி போயிருந்தார். சர்ச் சாவி என்னிடம் இருந்தது. ஊரே களை எடுக்க உளுந்தங்காட்டுக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் போய்விட்டது. அப்போது இடுப்புவரை கரிசல் சேற்றோடு ஒரு பெண் தெருவில் ஓடி வந்தாள். பக்கத்து ஊரில் ஆடு மேய்க்கிறவரின் மனைவி. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, ஆடு பூரா கம்மாய்க்குள்ள பொதைஞ்சு கெடக்கு. மேக்க பெஞ்ச மழைக்கு ஓடையில தண்ணி வருது. இவிய ஆட்ட விட்டுட்டு வரமாட்டேங்காவ" என்றாள்.

கரிசல் மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. இன்னும் தண்ணீர் நிறையாத கண்மாய்க்குள், ஏரிப் புல்லுக்கு இறக்கிய ஆடுகள், இரவு பெய்த மழையில் ஊறிய சேற்றில் வயிறுவரை இறங்கியிருந்தன. அங்கே டிராக்டரும் போகாது. ஓர் ஆட்டுக்கு ஓர் ஆள் இறங்கித் தூக்கியாக வேண்டும். அறுபதுக்கு மேல் ஆடுகள். அவற்றை விட்டு வர மாட்டேன் என்று நடுவில் நிற்கும் அவள் கணவர்.

போனில் சிக்னல் இல்லை. கரண்ட் இல்லாததால் மைக்கும் இல்லை. ஓடிப்போய் மணியை விடாமல் அடித்தேன். தூரத்துக் காட்டில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, கையைக் காட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். களை எடுக்கும் நாளில் யார் ஜெபத்துக்கு வருவார்கள்?

எங்கள் ஊரில் எந்த வேலையையும் நிறுத்துகிற மணி ஒன்றுதான் உண்டு. ஓர் அடி, பத்து எண்ணும் நேரம் அமைதி, மறுபடி ஓர் அடி. துக்க மணி. அது கேட்டால் எந்தச் சாதி, எந்தச் சாமி என்று பார்க்காமல் எல்லாரும் சர்ச் வாசலுக்கு வந்து, போனது யார் என்று கேட்பார்கள். அன்றுவரை அது ஒரு தடவைகூடப் பொய்யாக ஒலித்ததில்லை.

கயிற்றைப் பிடித்தேன். பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்தேன்.

மூன்றாவது அடிக்குள் காடெல்லாம் ஆட்கள் நிமிர்ந்தார்கள். வரப்பில் ஓடி வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் நேரே தன் வீட்டுக்குள் ஓடினாள். வெளியே வந்தவள் முகமெல்லாம் கண்ணீர். "அத்தை நல்லாத்தான் இருக்காவ. அப்ப யாரு?" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பின் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"யாரும் இன்னும் சாகல. இப்ப ஓடுனா யாரும் சாகவும் மாட்டாவ" என்று சொல்லி, கண்மாயைக் காட்டினேன்.

முதலில் சேலையைச் சொருகிக்கொண்டு ஓடியவள் அவள்தான். பின்னாலேயே ஊர் ஓடியது.

வரிசையாக நின்றோம். ஆட்டைப் பிடுங்கிக் கைமாற்றிக் கைமாற்றிக் கரையேற்றினோம். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது பாதி ஆடு கரையில். தொடைக்கு வந்தபோது கடைசி ஆடு கரையில். ஆனால் ஆட்டுக்காரரின் இரண்டு காலும் சேற்றை விட்டு வரவில்லை. கயிறு வேண்டும். பக்கத்தில், ஊரே இழுத்தாலும் தாங்கும் ஒரே கயிறு சர்ச் மணியில்தான் தொங்கியது. ஒரு பொய் சொன்னவள் இதற்கா தயங்கப் போகிறேன்? அரிவாளால் அறுத்துக்கொண்டு வந்தேன். இருபது பேர் சேர்ந்து இழுத்தோம். அவர் வெளியே வந்து விழுந்தபோது கரையெல்லாம் ஒரே சிரிப்பும் அழுகையும். ஓர் ஆடுகூடப் போகவில்லை.

மத்தியானம் வாயில் பஞ்சோடு வந்த என் கணவர், கயிறில்லாத மணியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்ட முடியவில்லை, பாவம்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. துக்க மணியைப் பொய்யாக அடித்தால் நாளைக்கு யார் நம்பி ஓடி வருவார்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டுக்காரிதான் எழுந்தாள். "நாளைக்கு அடிச்சாலும் ஓடி வருவோம் அண்ணாச்சி. செத்தவுகளுக்கு ஓடுத காலு, உசுரோட இருக்கவங்களுக்கு ஓடாதாக்கும்?" என்றாள். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

போதகர் சிரித்தார். இறையியல் படிக்கும்போது இதைப் பற்றி மாதக்கணக்கில் வாதாடியிருக்கிறார்களாம். கட்டளை ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த நேரத்தில் அன்பு என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும் என்பவர்கள் ஒரு கட்சியாம். அப்படியே எல்லாவற்றுக்கும் அன்பின் பேரைச் சொல்லி நம் வசதிக்கு வளைத்துவிடவும் முடியும், ஜாக்கிரதை என்றும் சொன்னார். நான் மணிக்காக மன்னிப்புக் கேட்கவில்லை. பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தியதற்காக, பெண்கள் கூட்டத்தில் அதே பத்துப் பேர் முன்னால் பக்கத்து வீட்டுக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஏட்டி, கெடக்கட்டும் விடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆட்டுக்காரரும் மனைவியும் வந்தார்கள். அவரே கற்றாழை நாரில் முறுக்கிய புதுக் கயிறு. சாமி வேறு என்றாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, தன் கையாலேயே மணியில் கட்டினார்.

இப்போது என் கணவர் இல்லாத நாளில் மணி அடிக்க நான் கயிற்றைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த நார் உள்ளங்கையில் சொரசொரவென்று குத்தும். யாரையாவது பொய்யர் என்று சொல்ல வாயெடுக்கும் போதும், அந்தப் பொய்க்குப் பின்னால் எந்தக் கண்மாய்க்குள் யார் நிற்கிறார்களோ என்று என் உள்ளங்கைதான் என்னை முதலில் தடுக்கிறது.