ஒரு மட்டிப்பழத்தின் அகலம்

முதலில் காட்டிக்கொடுத்தது ஓர் ஏத்தன்பழம், மற்ற ஊர்க்காரர்கள் நேந்திரன் என்று சொல்லும் பருத்த வாழைப்பழம். அவித்துத் தோலுரித்து இலையில் வைத்திருந்தார்கள். கடிக்க வாயைத் திறந்தேன். பழம் உதட்டில் இடித்து நின்றுவிட்டது. போன வாரம் போன பழம் இந்த வாரம் போகவில்லை. நான் நர்ஸ். என்ன நடக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது. புரியாதவள்போல மசித்துச் சாப்பிட்டேன்.

தீக்காயம் ஆறிக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படிக்கலாம், அவர் வீட்டில் இருப்பவர்களும் படிக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். காயம் மூடியதும் எல்லாம் முடிந்தது என்று பழம் தேங்காயோடு பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். புண் ஆறிய பிறகுதான் தழும்பு தன் வேலையைத் தொடங்கும்.

கடல் தாண்டி ஒரு நாட்டில் ஆஸ்பத்திரி வேலை எனக்கு. நாட்டின் பெயர் வேண்டாம், என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். சண்டை ஊருக்கு வெளியேதான் என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் வீட்டுக்கு அதையே போனில் சொன்னோம். ஒரு மத்தியானம் எங்கள் கட்டடத்தின் பின்னால் ஜெனரேட்டருக்கான எண்ணெய்த் தொட்டியில் குண்டு விழுந்தது. மருந்து எடுக்க நான்கு பேர் அந்தப் பக்கம் போயிருந்தோம். என் தோழி ஷீஜாவுக்கு வலது காது போயிற்று. எனக்கு இடது கன்னம், தாடை, கழுத்து. தலையில் துணித்தொப்பி இருந்ததால் நெற்றி தப்பியது. மற்ற இரண்டு பெண்களும் பிழைக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

அங்கேயே தோல் ஒட்டு வைத்தார்கள் (தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துப் புண்ணின்மேல் பதித்து வளரவிடுவது). பிறகு நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தேன். முகத்துக்கு அழுத்த முகமூடி கொடுத்தார்கள் (தழும்பு தடித்துப் புடைக்காமல் இருக்க இறுக்கமாகப் போடும் துணி). வெயில் காலத்தில் அதைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். நோயாளிகள் முகமூடியைக் கழற்றி வைத்தால் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்!

பழம் இடித்த விஷயத்தை நான் மறைத்தாலும் என் கணவர் பார்த்துவிட்டார். அவருக்கு வடசேரி சந்தையில் வாழைக்குலைக் கடை. பழத்தில் எது நடந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. மறுநாளே பிசியோதெரபி டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் வாயின் அகலத்தை அளந்தார். “சுருக்கம் விழுந்திருக்கு,” என்றார் (ஆறிய தழும்பு இறுகி, பக்கத்துத் தசையையும் தோலையும் தன் பக்கம் இழுப்பது). “பயிற்சி செய்றீங்களா, சிஸ்டர்?”

“தினமும் செய்யுதேன்.”

“கண்ணாடி பாத்தா?”

நான் மடியில் இருந்த முகமூடியை மடிக்க ஆரம்பித்தேன். கணவர் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார்.

“பாக்காம செஞ்சா நல்ல பக்கம்தான் வேலை செய்யும். கெட்ட பக்கம் சும்மா இருக்கும். உங்களுக்கு ரெண்டு பக்கமும் அசையுற மாதிரிதான் தோணும். இப்படியே விட்டா வாய் ஓரத்தை வெட்டித் திறக்கணும். அந்த ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்கக் குழாய் எந்த வழியாப் போகும்னு உங்களுக்குச் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லை. திறக்காத வாய்க்குள் அந்தக் குழாய் போகாமல் டாக்டர்கள் தவிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பயந்துபோனேன். ஆனாலும் கண்ணாடி பார்க்கச் சம்மதிக்கவில்லை.

எங்கள் வீட்டில் கண்ணாடியே கிடையாது. நான் ஊர் திரும்பும் முன்பே கணவர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டார். பீரோக் கதவில் இருந்ததைக் கழற்றி, அந்த இடத்தில் காலண்டர் மாட்டினார். என் போனின் முன்பக்கக் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டினார். மோட்டார் சைக்கிளின் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினார். போலீஸ்காரர் நிறுத்தியபோதெல்லாம் இவர் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எவர்சில்வர் தட்டில் முகம் தெரியும் என்று அத்தை, அதாவது என் மாமியார், மூன்று வேளையும் இலை போட்டார். இதெல்லாம் ஏன் என்று நானும் கேட்கவில்லை. அந்த அன்பு எனக்கு வசதியாக இருந்தது.

அத்தை ஒரு நேர்ச்சை, அதாவது வேண்டுதல், வைத்திருந்தார். என் வாய் நன்றாகத் திறக்க வேண்டும் என்று நிழல் தாங்கலுக்குப் போய்க் கும்பிட வேண்டும். எங்கள் குடும்பம் அய்யாவழி. தாங்கல் என்பது எங்கள் வழிபாட்டு இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு முகமூடியையும் கழற்றிவிட்டேன். யாரும் சொல்லவில்லை, தானாகவே செய்தேன். எங்கள் ஆண்களின் முறைப்படி கணவர் தலைப்பாகை கட்டிக்கொண்டார். உள்ளே போனோம்.

அய்யாவழி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தாங்கலின் கருவறையில் சிலை இருக்காது. நிலைக்கண்ணாடி இருக்கும். இரண்டு பக்கமும் விளக்கு. கும்பிடப் போகிறவருக்கு அதில் தெரிவது அவருடைய உருவம்தான். நீ கும்பிடும் கடவுளான அய்யா உனக்குள் இருக்கிறார் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து அதன்முன் நிற்பதால் அதைக் கண்ணாடி என்று எங்களில் யாரும் நினைப்பதே இல்லை. பைக் கண்ணாடியைக்கூட ஞாபகமாகக் கழற்றிய மனிதருக்கு அது தோன்றவில்லை. அத்தைக்கும் தோன்றவில்லை. ஏன், எனக்கே தோன்றவில்லை.

நிமிர்ந்தேன். நான் அங்கே இருந்தேன்.

அந்த முகத்தை எனக்குப் பிடிக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். இடது கன்னம் மெழுகு வழிந்து ஆறியதுபோல் இருந்தது. உதட்டின் இடது ஓரம் கீழே இழுத்துக் கிடந்தது. ஓடிவிடலாம் என்றால் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அப்போது கண்ணாடியில் என் தோளுக்கு மேலே கணவரின் முகம் தெரிந்தது. அவர் விறைத்துப் போயிருந்தார்.

“ஏட்டி,” என்றார் மெதுவாக. “நான் இத நெனைக்கவே இல்லியே.”

அவர் தாடையில் அங்கங்கே வெட்டுக்காயம். ஒரு பக்கம் மீசை ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தினமும் பார்க்கிற முகம்தான், ஆனால் அந்தக் காயங்கள் எங்கிருந்து வந்தன என்று நான் யோசித்ததே இல்லை. மனுஷன் இத்தனை மாதமாகக் கண்ணாடி இல்லாமல் தடவித் தடவிச் சவரம் செய்திருக்கிறார். என் முகம் வரவழைக்காத அழுகையை அந்தக் கோணல் மீசை வரவழைத்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

சிரித்தேன். வலது பக்கம் மட்டும் மேலே போனது. இடது பக்கம் அப்படியே கிடந்தது. எனக்கோ இரண்டும் சிரித்ததாகத்தான் உள்ளே தோன்றியது. டாக்டர் சொன்னது இதைத்தான். மறுபடியும் சிரித்துப் பார்த்தேன். இடது ஓரத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு இழுத்தேன். வலித்தது. கொஞ்சம் அசைந்தது.

நாமம் இடுவதற்காகத் திருமண்ணோடு நின்ற பெரியவர் நான் அழுது வேண்டுகிறேன் என்று நினைத்தார். “சாவகாசமா கும்பிடு மக்கா,” என்றார். பிறகு தப்பித்த என் நெற்றியில் நாமம் இட்டார்.

சிதறாலில் இருக்கும் ஷீஜாவுக்குப் போன் செய்து சொன்னேன். கேட்கும் காதுக்குப் போனை மாற்றிக்கொண்டு மறுபடியும் சொல்லச் சொன்னாள். பிறகு சிரித்தாள்.

“எனக்க பொன்னு ஏட்டி! வீட்டுல உள்ளத எல்லாம் ஒளிச்சு வச்சிட்டு, கும்பிடப் போன எடத்துல கொண்டு காட்டினாராக்கும் உனக்க மாப்பிள்ள?” சிரிப்பு நின்றதும் கேட்டாள். “செரி, எப்பிடி இரிக்கு உனக்க மொகம்?”

“நல்லா இல்ல. ஆனா ஒட்டு நல்லா பிடிச்சிருக்கு.”

“அது போதும். நான் இப்ப ஆளுக்க வாயப் பாத்துதான் பேச்சு பிடிக்கேன். நேருல வரும்போ நீ வாயத் தொறந்து பேசணும், பாத்துக்க.”

அன்று சாயங்காலமே கண்ணாடிகள் வீட்டுக்கு வந்தன. கடையில் பழம் பழுக்க வைக்கும் அறையில், வாழைச்சருகு சுற்றி வைத்திருந்தார். பல நாட்களுக்கு அவற்றில் பழவாசனை இருந்தது. அந்த வாசனையில்தான் பயிற்சி செய்தேன். வாயைக் குவிப்பது, விரிப்பது, கன்னத்தை ஊதுவது. கெட்ட பக்கத்தை மட்டும் பாருங்கள், நல்ல பக்கம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். வலித்தால் நிறுத்தி எண்ணெய் தடவி மறுபடியும் தொடங்குங்கள். அழுகை வந்தால் அழுதுகொண்டே செய்யலாம், வாய்க்கு அதுவும் பயிற்சிதான்.

டாக்டரிடம் அளவுகோல் இருந்தது. எங்கள் வீட்டில் வேறு கணக்கு. முதலில் மட்டிப்பழம். விரல்போல மெலிந்த பழம், அது முழுசாக நுழைந்த அன்று அத்தை பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மட்டிப்பழம் கொடுத்தார். அதற்கப்புறம் அதைவிடக் கொஞ்சம் தடித்த ரசகதலி. அங்கேயே பல வாரம் நின்றுவிட்டது, ஒரு தடவை பின்னாலும் போயிற்று. மழைக்காலம் முடிந்து ஏத்தன்பழத்தைக் கடித்தேன். வெட்டித் திறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் வேலை பார்க்கிறேன். ஷீஜாவும் அங்கேதான், எப்போதும் அவளுக்கு இடது பக்கம் நின்று பேசுவேன். அந்த மத்தியானத்துக்கு முன், அந்த மத்தியானத்துக்குப் பின் என்று எதையும் பிரித்துச் சொல்லும் பழக்கம் குறைந்திருக்கிறது. தழும்பு முழுசாகப் பக்குவப்பட இன்னும் நாளாகும். குளிர்ந்த காலையில் இறுகும், பேசப் பேச இளகும். என் நாள் இப்போது அப்படித்தான் விடிகிறது, வாயிலிருந்து.

காலையில் கணவர்தான் பைக்கில் கொண்டுவிடுவார். கண்ணாடிகளைத் திரும்ப மாட்டிய முதல் நாள், இடது கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தார். அதில் என் முகம் முழுசாகத் தெரிந்தது.

“பின்னால வாற வண்டி தெரியுதா?” என்று கேட்டேன்.

“இல்ல. நீதான் தெரியுத.”

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க,” என்றேன், வாயை நன்றாகத் திறந்து.