பால் மறக்கடித்த கதை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 'உடல்நிலை சரியில்லை' என்று பத்திரிகையில் ஒரு வரி போட்டிருந்தார்கள். பொய்யில்லை... ஆனால் முழுசும் இல்லை.

விஷயம் இதுதான். நான் உண்டாகியிருந்தேன். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால்தான் உங்களிடம் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாப், ரோட்டுக் குழி என்று கதையளந்துகொண்டிருந்தேன்.

மூத்தவன் கதிருக்கு ஒன்றே முக்கால் வயது. நடக்கத் தெரியாது, ஓட மட்டும்தான் தெரியும். காலையில் நான் பாத்ரூமில் குனிந்து வாந்தியெடுத்தால், பக்கத்தில் வந்து அவனும் குனிந்து "உவ்வே" என்பான். சிரிப்பதா, அழுவதா? தலைசுற்றித் தரையில் படுத்தால் வயிற்றின் மேல் ஏறிக் குதிரை ஓட்டுவான். "ஏலே, எறங்குலே!" என்று கத்துவேன். குதிரைக்குள் இன்னொரு ஆள் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

இதையெல்லாம் சமாளித்துவிட்டேன். சிக்கல் வேறு. அவன் இன்னும் என்னிடம் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

வள்ளியூரிலிருந்து மதினி வந்தார் — என் கணவரின் அக்கா. அவருக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தோம். கதிர் என் மடியில் கிடந்து குடிப்பதைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

"ஏட்டி, வயித்துல ஒண்ண வச்சுக்கிட்டு இவனுக்கும் குடுக்கியே... இவன் சவலையா, நோஞ்சானாப் போயிருவான். உள்ள இருக்கதுக்கும் சேராது. மொதல்ல நிறுத்து."

"டாக்டரம்மா குடுக்கலாம்னு சொன்னாங்க மதினி."

"அவ சொல்லுவா. நாளைக்கு ஒண்ணுன்னா அவளா வந்து அழுவா?"

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? பயம் என்ன, படித்தவள் படிக்காதவள் என்று பார்த்தா வருகிறது? வயிற்றில் இருப்பது தங்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் குறி.

மதினி கெட்டவர் இல்லை. அவரே வேப்பங்கொழுந்து பறித்து, அரைத்து, கிண்ணத்தில் கொண்டுவந்தார். மார்பில் தடவிக்கொண்டேன். கதிர் "பாச்சி" என்று மடியில் ஏறி வாய் வைத்தான். முகம் கோணிப்போனது. என்னை நிமிர்ந்து பார்த்தான் — ஏதோ தப்பு நடந்திருக்கிறது, சரிபண்ணு என்கிற மாதிரி. பிறகு நாக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாய் வைத்தான், பாவி. அடுத்த பக்கத்தையும் போய்ப் பார்த்தான்.

நான் அழுதேன். "மனசக் கல்லாக்கிக்கோட்டி, ரெண்டு நாள்ல மறந்துருவான்" என்றார் மதினி.

எங்கே மறந்தான்? தொண்டை கட்டும்வரை அழுதான். காய்ச்சல் வந்தது. என் கணவர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். "பைய பழகிருவான்" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலே சரியில்லை. அப்புறம் ஒருநாள் என்னிடம் வருவதை விட்டுவிட்டான். டம்ளரில் குடித்தான். "பாத்தியா!" என்றார் மதினி.

அடுத்து ஸ்கேன். டாக்டரம்மா வாய் ஓயாமல் பேசுகிறவர். அன்று பேச்சு பாதியில் நின்றது. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"துடிப்பு இல்லம்மா."

நான் கேட்டது இதைத்தான்: "பெரியவனுக்குப் பால் குடுத்ததாலயா டாக்டர்?"

"சே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க நிறுத்தியிருக்கவே வேண்டாமே."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அந்த வேப்பங்கொழுந்துக் கிண்ணம்தான் கண்ணில் நின்றது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதப்போவதில்லை. வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு அண்ணாச்சி, "என்னம்மா இப்படி மெலிஞ்சிட்ட, காய்ச்சலா?" என்றார். "ஆமா அண்ணாச்சி" என்றேன். வேறென்ன சொல்ல? வந்ததையே சொல்லாதவர்களிடம் போனதை எப்படிச் சொல்வது? கண் படக்கூடாது என்று மறைக்கிறோமே... அப்புறம் துக்கம் கேட்கவும் ஆள் இல்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் உங்களிடமாவது சொல்கிறேன்.

முந்தாநாள் கதிர் வாசலில் விழுந்து வீரிட்டு அழுதான். ஓடிப்போய்த் தூக்கினேன். நைட்டி நனைந்தது — பால் சுரந்திருக்கிறது! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தனை சந்தோஷமாக இருந்தது. இதுவாவது மிச்சமிருக்கிறதே! கழுவித் துடைத்துக்கொண்டு அவனை மடியில் போட்டேன்.

"பாச்சி குடிக்கியாலே?"

அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நைட்டியை இரண்டு கையாலும் இழுத்து மூடிவிட்டான்.

"கசக்கும்மா" என்றான், எனக்குப் புரியவைக்கிற மாதிரி, பக்குவமாக.

பிள்ளைக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.